‘ஊமைப் பொம்மை’: 1966 பிரதமர் தேர்வும் பாலினச் சொல்லாடலும்

ஆய்வுச் சுருக்கம்

லால் பகதூர் சாஸ்திரியின் மறைவை அடுத்து 1966 ஜனவரியில் நடந்த பிரதமர் தேர்வில் இந்திரா காந்தியை முன்னிறுத்திய மூத்த காங்கிரசுத் தலைவர்கள், அவர் தம் சொற்படி நடப்பார் என எதிர்பார்த்தனர். அந்த எதிர்பார்ப்புக்கு அவருடைய முந்தைய பொதுவாழ்வில் சான்று இருந்ததா என்பதே இக்கட்டுரையின் வினா. அவரை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அவரைக் குறிக்கக் கையாண்ட சொற்கள் இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: இந்திரா காந்தி, காமராசர், சிண்டிகேட், ராம் மனோகர் லோகியா, பாலினச் சொல்லாடல்

முன்னுரை

1966 ஜனவரி 19 அன்று காங்கிரசு நாடாளுமன்றக் கட்சி உறுப்பினர்கள் மைய மண்டபத்தில் கூடி மறைமுக வாக்கெடுப்பின் வழியே தம் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். இந்திரா காந்திக்கு 355 வாக்குகளும் மொரார்ஜி தேசாய்க்கு 169 வாக்குகளும் கிடைத்தன. முடிவை அறிய வெளியே காத்திருந்த கூட்டத்திலிருந்து ‘ஆணா, பெண்ணா?’ என்று ஒரு குரல் எழுந்ததாகவும், ‘பெண்’ என்று விடை வந்ததாகவும் அந்நாளைப் பற்றிய விவரிப்புகள் கூறுகின்றன. மகப்பேற்று அறையின் வாயிலில் கேட்கும் கேள்வி அது. கேட்டவர் வேடிக்கையாகவே கேட்டிருக்கலாம். ஆயினும் நாற்பத்தெட்டு வயதான ஒருவர், தேசியக் கட்சியின் தலைவராகவும் நடுவண் அமைச்சராகவும் இருந்தவர், அந்த வேடிக்கையில் பிறந்த குழந்தையாகிவிடுகிறார்.

இத்தேர்வு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் உட்கட்சிக் குழுக்களின் வலிமையையும் மாநிலத் தலைவர்களின் பேரத்தையும் கொண்டே அதனை விளக்குகின்றன. 1964, 1966 ஆகிய இரு தலைமை மாற்றங்களையும் ஆராய்ந்த மைக்கேல் பிரெச்சரின் நூல் அவ்வகையில் முன்னோடியானது. அவ்விளக்கங்கள் தவறானவை அல்ல. அவற்றில் இந்திரா ஒரு பெண் என்ற செய்தி சுவையான துணுக்காக மட்டுமே இடம்பெறுகிறது என்பதே குறை. அது அரசியல் கணக்கின் உறுப்பாகவே செயற்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிண்டிகேட்டின் கணக்கு

காமராசர், அதுல்ய கோஷ், எஸ்.கே. பாட்டீல், சஞ்சீவ ரெட்டி, நிஜலிங்கப்பா ஆகியோரை உள்ளடக்கிய மாநிலத் தலைவர்களின் குழுவே ‘சிண்டிகேட்’ எனப்பட்டது. இவர்களுக்குள்ளும் ஒத்த கருத்து இருக்கவில்லை. மொரார்ஜி தேசாய் வந்துவிடக் கூடாது என்பதே இவர்களில் பெரும்பாலோரை இணைத்தது. காமராசரையே பிரதமராக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆங்கிலமும் இந்தியும் சரளமாகப் பேச இயலாத நிலையைச் சுட்டி அவர் மறுத்துவிட்டார்.

காமராசர் இந்திராவை நோக்கித் திரும்பியதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அடுத்த ஆண்டே பொதுத்தேர்தல். நாடெங்கும் அறியப்பட்ட முகம் அவருடையது. எந்த ஒரு மாநிலக் குழுவையும் அவர் சார்ந்திருக்கவில்லை. நேருவின் பெயர் உடன் இருந்தது. பல மாநில முதலமைச்சர்களும் விரைவில் அவரை ஆதரித்தனர். இக்காரணங்கள் அனைத்தையும் ஏற்றுக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சுகிறது: அவரைத் தம் வழிக்குக் கொண்டுவரலாம் என்ற நம்பிக்கை. அது எங்கிருந்து வந்தது?

பெண்ணொருவரைக் குழுக்களின் இடைவெளியில் நிறுத்தும் வழக்கம் கட்சிக்குப் புதிதன்று. காமராசர் திட்டத்தின்படி உத்தரப்பிரதேச முதல்வர் சி.பி. குப்தா 1963இல் பதவி விலகியபோது, அவருடைய அணியின் வேட்பாளராகவே சுசேதா கிருபளானி முதல்வரானார். இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர் என்ற சிறப்பு, ஓர் ஆணின் நாற்காலியைக் காக்கும் ஏற்பாட்டின் வழியே வந்தது. அண்டை நாடான இலங்கையில் 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவோ, ‘அழும் விதவை’ என்ற ஏளனத்தைத் தாங்கியே அப்பதவிக்கு வந்தார்.

ஏற்கெனவே அறியப்பட்டிருந்த இந்திரா

1966இல் இந்திரா அறியப்படாதவர் அல்லர். 1959 பிப்ரவரியில் காங்கிரசுத் தலைவரான அவர், ஓராண்டுக்கும் குறைவான காலமே அப்பதவியில் இருந்தார். அதற்குள் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையிலான அரசுக்கு எதிரான கிளர்ச்சியைக் கட்சி ஆதரிப்பதிலும், அவ்வரசை நடுவண் அரசு கலைக்க வேண்டும் என வலியுறுத்துவதிலும் முன்னின்றார். நேரு தயங்கினார், மகள் தயங்கவில்லை. 1959 ஜூலை 31 அன்று அரசு கலைக்கப்பட்டது. அச்செயலின் மக்களாட்சித் தன்மை கேள்விக்குரியது. ஆனால் பிறர் சொற்படி நடக்கும் ஒருவரின் செயல் அதுவென்று எவரும் கூற இயலாது.

தமிழ்நாட்டு வாசகர்க்கு நெருக்கமான மற்றொரு சான்றும் உண்டு. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து இங்கு எழுந்த போராட்டம் துப்பாக்கிச் சூடு வரை சென்றது. சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் நடுவண் அமைச்சரவையிலிருந்து விலக முன்வந்தனர். அந்நேரத்தில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த இந்திரா, தம் துறைக்கு நேரடித் தொடர்பில்லாத இச்சிக்கலில் தலையிட்டுச் சென்னைக்கு விமானத்தில் வந்து உறுதிமொழிகள் அளித்தார். தம்மைத் தாண்டி அவர் செயற்பட்டதைச் சாஸ்திரி விரும்பவில்லை என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் இந்தர் மல்ஹோத்ரா பதிவு செய்துள்ளார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஊடுருவல் தொடங்கியபோது சிறிநகரிலிருந்த இந்திரா, அங்கிருந்து வெளியேற மறுத்தார்.

பிரதமரையே பொருட்படுத்தாத அமைச்சர் ஒருவர், தாம் பிரதமரானதும் கட்சிப் பெரியவர்களுக்குக் கட்டுப்படுவார் என்று பழுத்த அரசியல்வாதிகள் எதிர்பார்த்தனர். ஆட்களை எடைபோடுவதில் காமராசருக்கு இணையாகச் சிலரையே சொல்லமுடியும். அவருக்கே இது தோன்றாமற்போனது வியப்பு.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். 1964இல் சாஸ்திரியையும் இதே தலைவர்கள் மென்மையானவர், இணக்கமானவர் என்று கருதித்தான் தேர்ந்தனர். எனவே இணக்கத்தை எதிர்பார்த்தல் பாலினம் சார்ந்ததன்று எனலாம். ஒப்பீடு பயனுடையது, ஆனால் அது வேறொன்றையும் காட்டுகிறது. சாஸ்திரியின் மென்மை அவருடைய நடத்தையிலிருந்து உய்த்துணரப்பட்டது. நெடுங்காலம் உடன் பணியாற்றியோர் கண்ட பண்பு அது. இந்திராவின் ‘மென்மை’க்கோ அவ்வாறான நடத்தைச் சான்று இல்லை. 1959ஐயும் 1965ஐயும் மறந்தாலன்றி அம்முடிவுக்கு வர இயலாது. சான்று இல்லாத இடத்தை, பெண் என்பதும் மகள் என்பதுமே நிரப்பின.

லோகியாவின் சொல்

பிரதமரான தொடக்க மாதங்களில் இந்திரா நாடாளுமன்றத்தில் தடுமாறினார் என்பது உண்மை. எழுதிவைத்ததைப் படித்தார், குறுக்கீடுகளுக்கு உடனடியாக விடை சொல்லத் திணறினார். அந்நிலையில்தான் சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியா அவரைக் ‘கூங்கி குடியா’, அதாவது ஊமைப் பொம்மை, என்றார். மொரார்ஜி தேசாய் அவரைச் ‘சோக்ரி’ (சிறு பெண்) எனக் குறிப்பிட்டதாகவும் கூறப்படுகிறது. தமிழில் இதற்கு இணை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பெண்ணின் பருவங்களுள் முதலாவதைக் குறிக்கும் ‘பேதை’ என்ற சொல்லே அறிவின்மையையும் குறிக்கிறது.

சொன்னவர் லோகியா என்பதே இங்குக் கவனத்திற்குரியது. இந்திய ஆண் அரசியல் சிந்தனையாளர்களுள் பெண் சமத்துவத்தை அவரளவுக்கு வலியுறுத்தியோர் குறைவு. அவர் வகுத்த ஏழு புரட்சிகளில் ஆண் பெண் சமத்துவமும் ஒன்று. பிற்படுத்தப்பட்ட பிரிவினர்க்கு 60 விழுக்காட்டு இடம் கேட்டபோது பெண்களையும் அப்பிரிவினருள் சேர்த்தார். சாவித்திரியைவிட, வினா எழுப்பும் திரௌபதியே இந்தியப் பெண்ணுக்கு முன்மாதிரி என்றார். அத்தகையவர்க்கும் அரசியல் எதிரியொருவர் பெண்ணாக வந்து நின்றபோது முதலில் கைக்கு அகப்பட்ட ஆயுதம் பொம்மை என்ற சொல். கொள்கையில் ஏற்றுக்கொண்ட சமத்துவம், சண்டையின் சூட்டில் நாக்குக்கு எட்டவில்லை. தடுமாறும் ஆண் பேச்சாளர்கள் நாடாளுமன்றத்தில் ஏராளமாக இருந்தனர். அவர்களுள் யாரும் பொம்மை ஆகவில்லை. 1967 அக்டோபரில் மறைந்த லோகியா, அப்பொம்மை கட்சியையே இரண்டாகப் பிளந்ததைக் காணவில்லை.

‘அமைச்சரவையின் ஒரே ஆண்’

இகழ்ச்சிக்கு நிகராகப் புகழ்ச்சியையும் ஆராய வேண்டும். 1965 சிறிநகர் நிகழ்வை ஒட்டி, ‘கிழவிகள் நிறைந்த அமைச்சரவையில் ஒரே ஆண்’ என இந்திரா புகழப்பட்டார். உறுதியைக் காட்டிய பெண் ஆணாகிறார். காட்டாத ஆண்கள் கிழவிகளாகின்றனர். ஒரே தொடரில் இரு பாலினத்துக்கும் விலை குறிக்கப்பட்டுவிடுகிறது. இத்தொடர் இந்திராவுக்கு மட்டும் உரியதன்று. இசுரேலில் பென்-குரியன் தம் அமைச்சரவையின் ஒரே ஆண் கோல்டா மேயர்தான் என்று கூறியதாக ஒரு கதை வழங்கியது. மேயர் தம் தன்வரலாற்றில் அதனைக் குறிப்பிட்டு, ஓர் ஆணை நோக்கி அரசின் ஒரே பெண் நீர்தான் என்றால் அவர் மகிழ்வாரா என்று ஐயுறுகிறார்.

1971 போருக்குப் பின் இந்திரா துர்க்கையானார். அவ்வாறு அழைத்தவர் வாஜ்பாயி எனப் பரவலாகக் கூறப்பட்டது. தாம் கூறவில்லை என அவர் மறுத்தார். பொம்மையும் துர்க்கையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோல் தோன்றும். கொலுப்படியில் இரண்டும் அருகருகேதான் வைக்கப்படுகின்றன. இரண்டுக்கும் பொதுவாக இல்லாதது, முடிவெடுத்து, தவறிழைத்து, அதற்குப் பொறுப்பேற்கும் ஓர் அரசியல்வாதியின் மனித உரு.

பெரிய மனிதரின் மகள்

1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆகக் குறைக்கப்பட்டது. கட்சித் தலைவரான காமராசரிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. பெரிய மனிதரின் மகள், சிறிய மனிதரின் தவறு என்ற பொருள்பட அவர் அப்போது மனம் வெதும்பிப் பேசியதாகக் கூறுவர். தவறு தம்முடையது என்று ஏற்றது காமராசரின் பெருந்தன்மை. எனினும் அச்சினத்திலும் இந்திரா பெயரற்றவராக, மகளாகவே நிற்கிறார். பொருளியல் முடிவொன்றை எடுத்த பிரதமர் அவ்வாக்கியத்தில் இல்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தவை நன்கறியப்பட்டவை. 1967 பிப்ரவரி 8 அன்று புவனேசுவரக் கூட்டத்தில் வீசப்பட்ட கல் இந்திராவின் மூக்கை முறித்தது. குருதியைச் சேலை முனையால் தடுத்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார். அத்தேர்தலில் காமராசர் விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். பாட்டீலும் அதுல்ய கோஷும் தோற்றனர். 1969 நவம்பர் 12 அன்று நிஜலிங்கப்பா இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்க, காங்கிரசு இரண்டானது.

‘மகள்’ என்ற சொல்லோ அதன் பின்னும் நீடித்தது. 1980 மக்களவைத் தேர்தலை ஒட்டித் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கூட்டணி அமைத்தபோது கலைஞர் மு. கருணாநிதி எழுப்பிய ‘நேருவின் மகளே வருக! நிலையான ஆட்சி தருக!’ என்ற முழக்கம் தமிழ்நாடெங்கும் ஒலித்தது. அப்போது இந்திராவுக்கு வயது 62. பதினோராண்டுகள் நாட்டை ஆண்டு, ஒரு தேர்தலில் வீழ்ந்து மீண்டவர். நேரு மறைந்து பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. இம்முழக்கத்தை வெறும் எதுகை நயமாகக் கொள்வதற்கில்லை. 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதியின் அரசைக் கலைத்தவர் இந்திரா. நெருக்கடி நிலையில் தி.மு.க.வினர் பலரைச் சிறையிலடைத்ததும் அவருடைய ஆட்சிதான். அந்த இந்திராவைப் பெயர் சொல்லி வரவேற்பது கடினம். நேருவின் மகளை வரவேற்கலாம். அக்கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ வென்றது.