"மேல கை வைக்கலையே தம்பி!"

நாட்றம்பள்ளியில் விடியற்காலை ரோட்டோரம் நின்று பார்த்தால் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குப் போகும் வேன்கள் வரிசையாக வரும். டிபன் பாக்ஸோடு பெண்கள் ஏறிப் போவார்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா அப்படித்தான் போகிறார். ஸ்டிச்சிங் வேலை, கான்ட்ராக்டர் மூலமாக. சூப்பர்வைசர் பேசும் அசிங்கப் பேச்சைப் பற்றி ஒருநாள் சொன்னார். வேனிலும் அதே கதைதானாம்.

"கம்ப்ளைன்ட் குடுக்கலாமே அக்கா" என்றேன்.

"என்னன்னு குடுக்கிறது? மேல கை வைக்கலையே தம்பி! வேன்ல நடந்ததுக்குக் கம்பெனி என்ன பண்ணும்? நான் அவங்க ஆளே இல்லையே."

இந்த மூன்று சந்தேகங்களுக்கும் பதில் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில், இந்தக் கொடுமைக்குப் பெயரே ரொம்ப நாள் இல்லை. 'பாலியல் தொல்லை' என்பதற்கான ஆங்கிலச் சொல் பரவியதே 1975-ல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேலதிகாரியின் தொல்லை தாங்காமல் வேலையை விட்ட ஒரு பெண்ணுக்காக மற்ற பெண்கள் கூடியபோதுதான். நம் நாட்டில் அப்போது இருந்தவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 354, 509 பிரிவுகள். அவை பெண்ணின் 'மானம்' பற்றிப் பேசின. அவள் வேலை பற்றியோ, முதலாளியின் பொறுப்பு பற்றியோ பேசவில்லை.

அதை மாற்றியது ராஜஸ்தானின் பன்வாரி தேவி பட்ட பாடு. குயவர் சமூகத்தைச் சேர்ந்த அவர், அரசின் மகளிர் திட்டத்தில் கிராமப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். 1995-ல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆனால் வேலை செய்யப் போன பெண்ணுக்கு யார் பாதுகாப்பு என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1997 ஆகஸ்டில் விசாகா தீர்ப்பு வந்தது. விரும்பத்தகாத பாலியல் பேச்சும் செய்கையும் தொல்லைதான், அதைத் தடுப்பது முதலாளியின் கடமை என்றது.

சரி, தொடவில்லையென்றால்? 1999-ல் சோப்ரா வழக்கில் பதில் வந்தது. டெல்லியில் ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் அதிகாரி ஒருவர் பெண் தட்டச்சரிடம் அத்துமீற முயன்றதால் வேலையிழந்தார். உண்மையில் தொடவில்லையே என்று உயர் நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பித் தந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உடல் தீண்டல் கட்டாயமில்லை என்றது.

மற்ற இரண்டுக்கும் 2013 சட்டத்தில் பதில் இருக்கிறது. கம்பெனி ஏற்பாடு செய்யும் வண்டியும் வேலையிடம்தான். கான்ட்ராக்ட், தினக்கூலி எல்லோரும் ஊழியர்தான். வீடுகூட அதில் வேலையிடமாகச் சேரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், பெண் தலைமையில் உள்ளகக் குழு வேண்டும். குழு இல்லாவிட்டாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். ஆனால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுத வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தரலாம்.

சட்டம் இருந்தும் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல் சாட்சி. 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண், தொல்லை கொடுத்த சூப்பர்வைசரால் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையிலான சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "மூணு மாசம்னா, போன வாரம் நடந்ததும் சேருமா?"

சேரும் அக்கா.