அவுரி போய் மல்லாட்டை வந்தது

கடலூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கால் வைத்தது துணிக்காக. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் கப்பலேறிய அந்தத் துணி வியாபாரத்தை இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் குலைத்தன. தறிகள் ஓய்ந்த பிறகும் நீலச் சாயம் தரும் அவுரிக்கு வெளிநாட்டில் கிராக்கி இருந்தது. சென்னை மாகாணத்தில் அவுரி மிகுதியாக விளைந்த மாவட்டங்களில் தென்னார்க்காடும் ஒன்று.

லேசான வேலையல்ல அது. செடியை அறுத்துத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். சாறு இறங்கிய நீரை வடித்து, ஆட்கள் நின்று ஓயாமல் அடிக்க வேண்டும். காற்றுப் படப்பட அந்த நீர் நீலமாகும். அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சிப் பிழிந்து, வில்லைகளாக வெட்டி உலர்த்துவார்கள். இத்தனை பாடுபட்ட வில்லைக்கு விலை சொன்னது கடலுக்கு அப்பால் இருந்த சந்தை.

1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்கு விட்டது. அப்போது இந்தியாவில் சுமார் 16 லட்சம் ஏக்கரில் அவுரி இருந்தது. 1914 வாக்கில் அது 2 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. காரணம் மழை பொய்த்ததல்ல, பூச்சி விழுந்ததல்ல. நம் குடியானவர் செய்த பிழை என்று இதில் எதுவுமே இல்லை.

ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த மல்லாட்டை அவருக்குக் கைகொடுத்தது. நிலக்கடலைக்கு வழங்கிய மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் எங்கள் பக்கத்து வாயில் மல்லாட்டை ஆயிற்று. புதுச்சேரி வழியாக மார்செய் போய் எண்ணெயும் சோப்புமாக மாறிய பயிர் அது. 1914இல் போர் மூண்டதும் ஏற்றுமதி முடங்கி மல்லாட்டை தேங்கியது. அதே போரில் ஜெர்மன் நீலம் வராமல்போக, அவுரி விலை ஏறியது! போர் முடிந்ததும் அவுரி மறுபடி விழுந்தது.

1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் மல்லாட்டை விலை பாதிக்கும் கீழே போனது. சிதம்பரம் பக்கம் நெல்தானே, உண்கிற பயிருக்கு என்ன பயம் என்று தோன்றும். வெளிநாட்டில் வாங்க ஆளில்லாத பர்மா அரிசியும் சயாம் அரிசியும் மலிவாகச் சென்னை மாகாணத்தில் இறங்கின. காவிரிக் கடைமடை நெல்லும் விலை இழந்தது. கிஸ்தியோ ரொக்கத்தில் முன்பே விதித்த தொகை. விளைச்சலின் விலையோடு அது இறங்கவில்லை. வீட்டுப் பெண்களின் கழுத்திலும் காதிலும் கிடந்தது விற்பனைக்கு வந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தோடு பவுண்டைப் பிணைத்திருந்த முடிச்சை அவிழ்த்த பிறகு, நாடெங்கும் இப்படி விற்ற நகைகள் உருக்கப்பட்டுக் கட்டிகளாகப் பம்பாயில் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தன.