துரையின் அனுமதியும் தொழிலாளியின் உரிமையும்: மலையகத் தோட்டங்களில் சமய அறப்பணி கடந்த பாதை

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயம் 1878 இல் கட்டப்பட்டது. கருங்கல் சுவர்கள், வண்ணக் கண்ணாடி, முற்றத்தில் ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரின் கல்லறைகள். ஒவ்வொரு கல்லிலும் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. அதே மலைகளில் காடு வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டவர்கள் செத்தபோது தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கல் நட ஆளில்லை.

அந்த மக்களை நோக்கியும் சமயம் போயிருக்கிறது. வேதம் ஓதப் போனது. பள்ளிக்கூடம் வைக்கவும், பசித்தவருக்கு மா கொடுக்கவும் போனது. பிற்காலத்தில் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொடுக்கவும் போனது. நூற்றெழுபது ஆண்டு நீளும் இந்தப் பணியை ஆராய்பவர் கொடுத்த பொருளின் அளவை மட்டும் கணக்கிட்டால் போதாது. யாருடைய அனுமதியோடு அந்த உதவி தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குள் நுழைந்தது என்று முதலில் கேட்க வேண்டும். அனுமதி கொடுத்த கை மாறியபோதெல்லாம் உதவியின் குணமும் மாறியிருக்கிறது.

1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்கள் நடந்தே வந்தார்கள். மன்னாரில் கரையேறி, வன்னிக் காட்டைக் கடந்து, மாத்தளை வழியாக மலை ஏறினார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியெங்கும் காத்திருந்தன. 1840களில் மட்டும் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849 இல் எழுதியது. அந்தத் தொகை சரிதானா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். சாவின் பெருக்கத்தை எவரும் மறுக்கவில்லை. தெருவோரம் விழுந்து கிடந்தவர்களை எடுத்துப் பராமரிக்க அந்நாளில் அரசாங்கத்திடம் ஏற்பாடு ஏதுமில்லை. கண்டியில் நன்கொடையால் நடந்த தர்மச் சங்கத்தின் சிறு மருத்துவமனையே பலருக்குக் கடைசிப் புகலிடம். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கெனச் சட்டம் பிறக்க 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முறையான சமயப் பணி 1854 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு உருவான 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டத்துரைமாரும் இங்கிலாந்துத் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கமும் கூட்டாக நடத்திய முயற்சி. திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்து தமிழ் கற்றிருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் அதன் பொறுப்பை ஏற்றார். அவருக்குக் கீழே திருநெல்வேலியிலிருந்தே உபதேசிமார் வரவழைக்கப்பட்டார்கள். மேற்பார்வை செய்யும் மிஷனரியைச் சங்கம் தாங்கியது. உபதேசிமாரின் செலவுக்குத் துரைமார் சந்தா கொடுத்தார்கள்.

இந்தப் பணப் பங்கீட்டைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து அறப்பணி முழுவதும் புரிந்துவிடும். உபதேசி தோட்டம் தோட்டமாக நடந்து போவார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முதல் பொழுது சாயும்வரை ஆட்கள் மலையில் நிற்பார்கள். ஆகவே அவருக்குக் கிடைத்தது மாலை நேரம்தான். லயத்து வாசலில் அவர் வாசித்துக் காட்டுவார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், நோயாளியைப் பார்ப்பார். துரை விரும்பாத தோட்டத்தில் அவர் கால் வைக்க முடியாது. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியின் கடன் கணக்கைப் பற்றியோ, பிடித்து வைத்த சம்பளத்தைப் பற்றியோ அவர் வாய் திறந்தால் அடுத்த மாதச் சந்தா கேள்விக்குரியதாகும். தனிப்பட்ட உபதேசிமாரில் நெஞ்சில் ஈரமுள்ளவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களுடைய ஈரத்துக்கு எல்லை வகுத்தது முதலாளியின் பணப்பை.

சமயமாற்றம் என்ற அளவில் மிஷன் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. கோப்பிக் காலத்து ஆட்கள் அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். இன்று திரண்ட சபை அடுத்த பருவத்தில் இராது. மிஞ்சியது எழுத்தறிவுதான். லயத்தின் ஓரத்தில், சில இடங்களில் பிள்ளைக்காம்பராவோடு ஒட்டியபடி, ஒற்றை ஆசிரியரோடு நடந்த தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மிஷன் பள்ளிகளே முன்மாதிரி. 1907 இன் கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது தோட்ட உரிமையாளரின் கடமை என்று சொல்வதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்தப் பள்ளிகள் இருந்தன. பிறகு பட்டணங்களில் பெரிய பள்ளிகள் எழுந்தன. ஹட்டனில் மெதடிஸ்த திருச்சபை 1892 இல் தொடங்கிய ஹைலண்ட்ஸ் கல்லூரி அவற்றுள் ஒன்று. மலையகத்திலிருந்து ஆசிரியர், எழுத்தர், தொழிற்சங்கவாதி என்று ஒரு படித்த தலைமுறை உருவானதில் இத்தகைய பள்ளிகளுக்குள்ள பங்கை எவரும் குறைத்துப் பேச முடியாது. அதேவேளை பட்டணத்துப் பள்ளியின் படியேறியவர்களில் கொழுந்து பறிப்பவரின் பிள்ளையை விடக் கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளே முந்திக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆவணங்களை மட்டும் நம்பும் ஆய்வு இங்கே ஒரு பெரிய அறத்தைத் தவறவிடும். லயத்து மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உதவி அது. அதற்கு ஆண்டறிக்கை கிடையாது. இலண்டனில் எவரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்வோம். கல்லோ சூலமோ நட்டு மரத்தடியில் தொடங்கிய வழிபாடு தகரக் கூரையாகி, பின்னர் கோபுரமானது தொழிலாளியின் சம்பளத்தால். தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் உள்ள ஒவ்வொருவரின் சம்பளத்திலும் கோயில் பணம் பிடிக்கப்படும். திருவிழா நாளில் அந்தப் பணம் அன்னதானமாகத் திரும்பி வரும். வருடத்தில் பெரும்பகுதி ரொட்டியும் சம்பலும் தின்று கிடக்கும் வீடுகள் சோறு கறியோடு பந்தியில் உட்காரும். சாவு விழுந்தால் அன்றைக்கு அந்த டிவிஷனில் வேலைக்குப் போகமாட்டார்கள். இளவட்டங்கள் குழி வெட்டப் போவார்கள், பெண்கள் வீடு வீடாக அரிசியும் தேங்காயும் சேர்ப்பார்கள், மரண உதவிச் சங்கம் கையில் காசு கொடுக்கும். பெயரளவில் இந்துக் கோயிலைச் சுற்றி அமைந்த ஏற்பாடுதான். ஆனால் பக்கத்துக் காம்பராவில் அந்தோனியார் படம் வைத்திருப்பவரும் அதில் பங்காளி. தேர் போகும்போது அவரும் வடம் பிடிப்பார், அந்தோனியார் திருவிழாவுக்கு இவர்களும் மெழுகுதிரி கொண்டு போவார்கள்.

இந்த ஏற்பாட்டையும் அப்பழுக்கற்றதென்று கொண்டாட முடியாது. கோயிலைக் கட்டுவதில் முன்நின்றவர் பெரும்பாலும் பெரிய கங்காணி. அவருடைய சாதியும் செல்வாக்கும் கோயில் நிர்வாகத்தில் பேசின. திருவிழாவின் முதல் மாலை துரையின் கழுத்தில் விழுந்தது. தொழிலாளி தன் சொந்தக் காசில் செய்த அறத்தில்கூட, அதற்கு இடம் கொடுத்தவருக்கு வணக்கம் வைக்க வேண்டியிருந்தது.

சுதந்திரம் வந்தபோது மக்களின் நிலை மேலும் சரிந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் ஒப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவரான குடும்பத்துக்கு ஒரு மூட்டை மாவைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட எந்தச் சமய நிறுவனத்துக்கும் மனம் ஒப்பியிருக்கக் கூடாது. இருந்தும் திருச்சபைகள் விழித்துக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

விழிக்க வைத்தது 1973-74 பஞ்சம். உணவுப் பங்கீடு குறைந்தது, மாவின் விலை ஏறியது, தோட்டத்தில் வேலை நாட்கள் சுருங்கின. காணி இல்லாத தொழிலாளிக்கு மரவள்ளி நடவும் இடமில்லை. குடும்பம் குடும்பமாக லயத்தை விட்டு இறங்கிக் கண்டி, ஹட்டன் வீதிகளில் கையேந்தினார்கள். பிரித்தானியாவில் கிரனாடா தொலைக்காட்சி 1973 இல் காட்டிய விவரணப்படம் அங்குள்ள தேநீர்க் குடியரைத் திடுக்கிட வைத்தது. 1972 இலும் 1975 இலும் நடந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நிர்வாகம் கை மாறிய வேளையில் பல இடங்களில் தொழிலாளர் வெளியேற்றப்பட்டார்கள்.

இந்தக் காலத்தின் மையத்தில் நிற்பவர் இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ். 1972 இல் கண்டியில் அவர் தொடங்கிய சத்தியோதய நிலையத்தில் சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வேலை செய்தார்கள். 1974 இல் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவானது. தனித்தனியாக இயங்கிய சமய, சமூக அமைப்புகளை ஒரு மேசையில் உட்கார வைத்து, தோட்டத்து நிலைமையை ஆய்ந்து எழுதி, வெளியுலகுக்குச் சொல்வது அதன் வேலை. பஞ்சகாலத்துக்கு உணவு வேண்டும் என்பதில் கஸ்பர்ஸுக்குச் சந்தேகமில்லை. ஆனால் பசியின் காரணத்தை எழுதிவைக்காத தர்மம் அடுத்த பஞ்சத்துக்கும் அதே வரிசையை நிறுத்தும் என்பதை அவர் கண்டுகொண்டார். உதவி செய்பவரின் கையில் மாவுப் பையோடு குறிப்பேடும் சேர்ந்தது. 1979 இல் இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 2017 இல் அவர் மறைந்தார்.

அவர் தனி மரம் இல்லை. கண்டியின் கத்தோலிக்க ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972 இல் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகப் போனார். வசதியான ஆசனத்தை விட்டுக் கிராமமும் தோட்டமும் நிறைந்த வறிய பகுதிக்குப் போன அவர், குருமாணவர் அந்த மக்களோடு வாழ்ந்தே பயிலவேண்டும் என்றார். 1958 இல் பொதுநிலையினர் தொடங்கிய கிறிஸ்தவத் தொழிலாளர் கூட்டுறவு, வழிபாட்டையும் தொழிலாளர் போராட்டத்தையும் ஒன்றாகப் பார்த்தது. கண்டி மறைமாவட்டத்தின் சமூகப் பணிக் கரமான செட்டிக், கரித்தாஸ் குடும்பத்தின் ஓர் உறுப்பாக நுவரெலியா மாவட்டத் தோட்டங்களிலும் வேலை செய்கிறது. 1977 முதல் இலங்கையில் இயங்கும் வேர்ல்ட் விஷன் போன்ற பெரிய நிறுவனங்களோடு வெளிநாட்டுப் பணமும் திட்ட அறிக்கையும் வந்து சேர்ந்தன: குடிநீர்க் குழாய், மலசலகூடம், முன்பள்ளி.

பணம் பெருகியபோது ஐயமும் பெருகியது. 1980களுக்குப் பிறகு தோட்டங்களில் சிறிய வீட்டுச் சபைகள் முளைத்தன. உதவியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு கோயில் நிர்வாகங்களிலும் பௌத்த அமைப்புகளிலும் கேட்டது. இந்த விவாதத்தில் ஒரு வழக்கைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். கற்பித்தலிலும் நோயாளர் பராமரிப்பிலும் ஈடுபட்ட திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதா, அரசியலமைப்புக்கு முரணானது என்று 2003 இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சமயப் பரப்புரையும் பொருளுதவியும் ஒரே நிறுவனத்தில் சேர்வது எளியவரின் மனச்சுதந்திரத்தைப் பாதிக்கும் என்பது அதன் வாதத்தின் சாரம். ஐ.நா. மனித உரிமைகள் குழு 2005 இல் இதற்கு மாறாக, கன்னியரின் சமயச் சுதந்திரம் மீறப்பட்டது என்று முடிவு சொன்னது. 2004 இல் வந்த கட்டாய மதமாற்றத் தடை மசோதா சட்டமாகவில்லை. பசித்தவரிடம் சோற்றைக் காட்டி விசுவாசம் கேட்பது இழிவு. அதைத் தடுக்கப் போய்ப் பசித்தவருக்குச் சோறு கொடுப்பவரையே குற்றவாளியாக்குவதும் அநீதி. எந்தச் சபைக்குப் போவது என்று தீர்மானிக்கும் அறிவு தோட்டத்துப் பெண்ணுக்கு உண்டு என்பதை இரு தரப்பும் மறந்துவிட்டே பேசின.

2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றவருக்குக் குடியுரிமை கொடுத்தது. அதன்பின் சமய அமைப்புகளின் பணியில் காகிதம் முக்கியமானது. லயத்தில் பிறந்து பதியாமல் விடப்பட்டவருக்குப் பிறப்புச் சான்றிதழ், அதைக் கொண்டு அடையாள அட்டை, அதைக் கொண்டு வங்கிக் கணக்கு. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். பள்ளி விட்டபின் அவர்களை உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுப்பதும் இன்றைய அறப்பணிதான். 2019 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பீட்டில் நாடு முழுவதும் வறியவர் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். 2022 பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை மீண்டும் எகிறியபோது இந்த இடைவெளி என்னவென்று ஒவ்வொரு அடுப்படியும் அறிந்தது.

மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டானதை ஒட்டி, 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் செத்து விழுந்த அதே வழி. அதை ஒழுங்கு செய்ததில் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றம் முக்கிய பங்கெடுத்தது. எல்லாச் சமயத்தவரும் நடந்தார்கள். 1854 இல் துரையின் சந்தாவில் லயத்துக்குள் நுழைந்த திருச்சபை மரபு, இம்முறை தொழிலாளியின் பேரப்பிள்ளைகளோடு வீதியில் நடந்தது. நடந்தவர்கள் நிவாரணப் பொதி கேட்கவில்லை. தங்கள் வரலாற்றையும் உழைப்பையும் நாடு ஏற்க வேண்டும், வாழத்தக்க சம்பளம் வேண்டும், வீட்டுக்கும் காணிக்கும் உறுதி வேண்டும் என்றார்கள்.

காணி உறுதி என்ற கோரிக்கை சமய அமைப்புகளையும் நேரடியாகத் தொடுகிறது. 1992 இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போன பிறகும், லயக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு குசினி இறக்குவதற்குக்கூட நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய நிலை பல தோட்டங்களில் தொடர்கிறது. தொழிலாளியின் சம்பளப் பணத்தில் எழுந்த மாரியம்மன் கோயிலும், நன்கொடையில் கட்டிய முன்பள்ளியும் நிற்பது அதே காணியில்தான். அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று தொடங்கிய ஏற்பாடு, இன்னும் லயத்தில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களை எட்டவில்லை.