ஊசிமருந்தும் அதிகார உறவும்: ஹேவாஹெட்ட மலைகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பாலியல் வன்செயல் ஒன்று பத்திரிகைகளில் பெருஞ்செய்தியாகும்போதெல்லாம், குற்றவாளியின் ஆண்மையை மருந்தினால் நீக்குக என்னும் குரல் எழுவது வழக்கமாகிவிட்டது. 'இரசாயன ஆண்மைநீக்கம்' எனப்படும் இம்முறை சத்திரசிகிச்சை அன்று; ஆணுடலில் ஓமோன் சுரப்பை மருந்தால் அடக்கிப் பாலியல் உந்துதலைத் தணிப்பதாகும். மருந்து நின்றால் சுரப்புப் பெரும்பாலும் மீளும். அறிவியலின் பெயரால் எழும் இக்கோரிக்கையை ஆராயுமிடத்து, அம்மருந்து யாருடைய உடலில், யாருடைய ஆணையால் ஏற்றப்பட்டது என்னும் வினாவே முதன்மை பெறுகின்றது.

1938 இல் இலண்டனில் சார்ள்ஸ் டொட்ஸ் குழுவினர் ஸ்டில்பெஸ்ட்ரோல் என்னும் செயற்கைப் பெண் ஓமோனை உருவாக்கினர். பெண் ஓமோன் ஏற்றி ஆணின் இச்சையைத் தணிக்கும் அம்முறைக்கு ஆளானோருள் உலகறிந்தவர் கணித மேதை அலன் டியூரிங். அவர் எவரையும் வருத்தியவரல்லர். இன்னோர் ஆணுடன் இசைவோடு உறவு கொண்டமைக்காக 1952 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, சிறைவாசமா, ஓராண்டு ஓமோன் சிகிச்சையா என்னும் தெரிவுக்குட்படுத்தப்பட்டார். சிறைக்கதவைக் காட்டிப் பெறும் இசைவு இசைவாகுமா? 1954 இல் அவர் மாண்டார். அரச மன்னிப்பு 2013 இலேயே வந்தது. (அவருடைய தாயார் போத்தனூரில் பிறந்தவர், சென்னை மாகாணத்து இருப்புப்பாதைப் பொறியியலாளரின் மகள். எமது மலைகளுக்குத் தொழிலாளர் திரட்டப்பட்டதும் அதே மாகாணத்திலிருந்துதான்.) அவரைத் தண்டித்த 1885 ஆம் ஆண்டுச் சட்டத்தின் குற்றக்கருத்து, 1883 இல் இயற்றப்பட்ட எமது தண்டனைச் சட்டக்கோவையிலும் பின்னர் 365அ பிரிவாகப் புகுந்தது. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கவில்லை, பெண்களுக்கும் விரித்தது.

அமெரிக்காவில் 1966 இல் ஜோன் மணி என்னும் உளவியலாளர் வேறொரு மருந்தை இதே நோக்கிற்குக் கையாண்டார். அது மெட்ராக்சிபுரோஜெஸ்டரோன், வணிகப் பெயர் டெப்போ-புரொவேரா. 1996 இல் கலிபோர்னியா மாநிலம் அதனைச் சட்டத்தில் ஏற்றது. பின்னர் தென்கொரியா, இந்தோனேசியா முதலியனவும் இத்தகைய சட்டங்களை இயற்றின. இந்தோனேசிய மருத்துவர் சங்கம், ஊசி ஏற்றுவது தனது தொழிலறத்திற்கு முரணென மறுத்தமை மனங்கொளத்தக்கது.

இதே மருந்து எமது நாட்டுக்குத் தண்டனையாக வரவில்லை. குடும்பத் திட்டமிடல் ஊசியாக வந்தது. அமெரிக்க அரசு 1978 இல் கருத்தடைக்கு அனுமதி மறுத்து, 1992 இலேயே வழங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் இலங்கை உள்ளிட்ட மூன்றாம் உலக நாடுகளின் பெண்கள் அதனைப் பெற்றனர். பெண்ணுக்கு மூன்று மாதத்திற்கு 150 மில்லிகிராம். குற்றவாளிக்கு வாரந்தோறும் சில நூறு மில்லிகிராம். நீண்டகாலப் பாவனை எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் என்ற கடும் எச்சரிக்கை 2004 இலேயே அதன் உறையில் இடம்பெற்றது. கருத்தடை பெண்ணின் உரிமை என்பதில் ஐயமில்லை. ஆயின், தோட்ட நிருவாகத்துக்குட்பட்ட மருந்தகத்தில் கைநீட்டும் தொழிலாளிப் பெண்ணின் இசைவை, அவள் வாழ்வின் ஏனைய நிபந்தனைகளினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது.

அந்நிபந்தனைகளை அறிய ஹேவாஹெட்ட மலைகளே போதும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார்; வர்த்தகத் தேயிலையின் தொடக்கம் அது. லயத்து ஒற்றைக் காம்பிரா, விடியற்காலைப் பெரட்டு, கங்காணியின் பற்று என்பன சேர்ந்து உருவாக்கிய உற்பத்தியுறவில், பெண்ணின் பெயரைப் பதிபவனும் அவள் பறித்த கொழுந்தை நிறுப்பவனும் ஆணே. அவ்வாணின் கையில் அவளது அன்றைய கூலி இருந்தது. சமவேலைக்கு ஆணுக்குரிய நாட்கூலியை அவள் 1984 இலேயே பெற்றாள். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களை வெறும் காதற்பாடல்களாகப் படிப்போர், அவற்றிலுள்ள கங்காணி பற்றிய முறையீட்டைக் கேளாது விடுகின்றனர். இச்சூழலில் நிகழும் பாலியற் கொடுமைக்கு மூலம் மிகைச் சுரப்பன்று; தண்டனைக்கு அஞ்சாத அதிகாரம். நிறுவைத் தட்டைக் கையில் வைத்திருப்பவனின் ஓமோனைக் குறைத்தால் நிறுவை திருந்தாது.

தம் இச்சையைக் கட்டுப்படுத்த இயலாது தாமே மருத்துவரை நாடும் சிலருக்கு இம்மருந்து உதவுகின்றது. அதனை மறுப்பது அறிவியலை மறுப்பதாகும். அரசு அதனைத் தண்டனையாக்கும்போது நிலை வேறு. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டபோது, நாடு முழுவதும் கடுந்தண்டனை கோரிற்று. கைதான பாடசாலை மாணவன் ஒருவனையும் இன்னொருவரையும் மரபணுச் சோதனை பின்னர் விடுவித்தது. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், சிறுவரைச் சிதைப்போருக்கு ஆண்மைநீக்கத்தைப் பரிசீலிக்குமாறு இந்திய அரசுக்குக் கூறினார். டில்லிக் கொடுமையின் பின் அமைந்த வர்மா குழுவோ, 2013 சனவரியில், வன்புணர்வின் சமூக அடித்தளத்தைத் தொடாத இம்முறையை நிராகரித்திருந்தது. மனைவிமீதான வன்புணர்வுக்குச் சட்டம் வழங்கும் விலக்கை நீக்குமாறும் அக்குழு விதந்துரைத்தது. எமது நாட்டிலும் 1995 ஆம் ஆண்டுத் திருத்தம், நீதிமன்றத்தாற் பிரித்துவைக்கப்பட்ட மனைவிக்கு மாத்திரமே அப்பாதுகாப்பை அளித்தது. கணவனுடன் ஒரே லயத்துக் காம்பிராவில் வாழும் பெண்ணை அது எட்டவில்லை.