பெர்செர்க்: 1989ல் ஆரம்பித்த இருட்டு

கதையில் கஷ்டம் வரலாம் மக்களே, கஷ்டம் மட்டுமே கதையா இருந்தா? கென்டாரோ மியுராவோட 'பெர்செர்க்' மங்காவை விடிய விடிய படிச்சுட்டு மனுஷன் மேல செம கடுப்புல இருந்தேன். (கதையைப் போட்டு உடைக்கப் போறேன், படிக்காதவங்க இப்பவே எஸ்கேப்!)

1989ல் ஜப்பானில் ஆரம்பித்த தொடர். 12, 13ம் தொகுதிகளில் 'கிரகணம்' வருகிறது. உயிர் நண்பன் கிரிஃபித், தான் மேலே போறதுக்காக மொத்தப் படையையும் பேய்களுக்குப் பலி கொடுக்கிறான். நாயகன் கட்ஸுக்கு ஒரு கை, ஒரு கண் காலி. காதலி காஸ்காவுக்குப் புத்தி பேதலிச்சுப் போகுது. அவள் தெளிவது எப்போ தெரியுமா? 2018ல்! 20 வருஷத்துக்கு மேல ஓப்பனாவே கிடந்த பக் மாதிரி. தெளிஞ்சும் பிரயோஜனம் இல்லை. கட்ஸைப் பார்த்தாலே கிரகணம் ஞாபகம் வந்து அலறுகிறாள்.

ஒவ்வொரு கட்டத்தையும் மியுரா இழைச்சு இழைச்சு வரைந்தார். மாசக்கணக்கில் இடைவெளி விழுந்தது. நாமளும் திட்டிக்கிட்டே காத்திருந்தோம்.

2021 மே 6, பெருந்தமனி கிழிந்து இறந்துட்டார். வயசு 54. கதை பாதியில் நின்னது.

அவரோட பள்ளித் தோழர் கோஜி மோரியிடம், சுமார் 30 வருஷம் முன்னாடியே முழுக் கதையையும் வாய்மொழியா சொல்லியிருந்தாராம். அதை நம்பி 2022 ஜூனில் மோரி மேற்பார்வையில், மியுராவின் உதவியாளர்களே வரைய ஆரம்பித்தார்கள். ஆரம்பிச்சதும் என்ன நடக்குது? கிரிஃபித் வந்து காஸ்காவைத் தூக்கிட்டுப் போயிடறான்.

பழைய கடுப்பு அப்படியே திரும்பி வந்தது. திட்டறதுக்குத்தான் ஆள் இல்லை.