போதிதர்மரும் ஒரு வக்கீலும்

1930இல் சீனாவில் 'ஷாவோலின் வூதாங் ஆய்வு' என்றொரு சிறிய நூல் வெளிவந்தது. எழுதியவர் தாங் ஹாவ். ஜப்பானுக்குப் போய்ச் சட்டம் படித்தவர், வக்கீல் தொழில் செய்தவர், தாமும் போர்க்கலை பழகியவர். ஷாவோலின் விகாரையின் சண்டைக்கலையைப் போதிதர்மர்தான் கற்றுக்கொடுத்தார் என்று அன்றைக்குச் சீன வாத்தியார்கள் எல்லோரும் நம்பினார்கள். அது எந்தக் காலத்து ஏட்டில் எழுதியிருக்கிறது என்று தாங் ஹாவ் கேட்டார். தேடித் தேடிப் பார்த்தும் பழைய ஏடு ஒன்றிலும் அது இல்லை என்று எழுதினார்.

நூல் வந்ததும் கொதிப்பு கிளம்பியது. தங்கள் பரம்பரையை இழிவுபடுத்திவிட்டதாகச் சிலர் அவரை அடிக்கவே திட்டமிட்டார்கள் என்றும், பெயர்பெற்ற வீரர்கள் சிலர் குறுக்கே நின்று சமாதானம் செய்தார்கள் என்றும் சொல்வார்கள். சண்டைக்கலையின் வரலாற்றை ஆதாரம் காட்டி எழுதும் படிப்புத் துறைக்குச் சீனத்தில் அடித்தளம் இட்டவர் அவர்தான்.

போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு 547ஐ ஒட்டி எழுதப்பட்ட லொயாங் நகரத்துக் கோயில்களின் வரலாற்றில் இருக்கிறது. யாங் சுவான்ஸி எழுதிய அந்த நூலில் போதிதர்மர் பாரசீகத்திலிருந்து வந்த முதிய பிக்கு. லொயாங்கின் பெரிய கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார், தமக்கு 150 வயது என்கிறார். அவருடைய சீடர் வட்டத்தைச் சேர்ந்த தான்லின், அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறார். 7ஆம் நூற்றாண்டில் தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்கிறது. இந்த மூன்றிலும் பல்லவர் என்ற பேச்சு இல்லை, காஞ்சிபுரம் இல்லை. கையையோ கம்பையோ வீசக் கற்றுக்கொடுத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. பின் இரண்டில் தியானம் மட்டும் இருக்கிறது.

ஷாவோலின் விகாரை அவருக்கு முன்பே கட்டப்பட்டுவிட்டது. ஹெனான் மாநிலத்துச் சொங் மலையில், 495ஐ ஒட்டி, வடக்கு வெய் அரசர் அதை எழுப்பினார். அது பாத்துவோ என்ற இன்னோர் இந்தியத் துறவிக்காக எழுப்பப்பட்டது.

அந்த விகாரையில் ஒரு கல்வெட்டு நிற்கிறது. 728இல் நட்டது. பின்னாளில் தாங் பேரரசரான லீ ஷிமின், இளவரசராக இருந்தபோது 621இல் பிக்குகளுக்கு எழுதிய கடிதம் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. வாங் ஷிசோங் என்ற எதிரியின் படையோடு பிக்குகள் மோதி, அவனுடைய அண்ணன் மகனைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பரிசாக நிலமும் ஒரு தண்ணீர் ஆலையும் கிடைத்தன. போரில் பங்கெடுத்த 13 பேரின் பெயர்கள் கல்லில் உள்ளன. அவர்களில் ஒருவருக்குத் தளபதிப் பட்டமே கிடைத்தது. நிலத்தின் மீதான உரிமைக்குச் சான்றாக நின்ற கல் இது. அதனால்தான் இத்தனை துல்லியமாக வெட்டிவைத்தார்கள். ஆனால் பிக்குகள் எதைக்கொண்டு சண்டையிட்டார்கள், யாரிடம் கற்றார்கள் என்று கல் சொல்லவில்லை.

அதற்குப் பதில் கிடைக்க இன்னும் 900 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

16ஆம் நூற்றாண்டில் ஷாவோலின் என்றாலே கம்புதான். கிழக்குக் கடற்கரையைச் சூறையாடிய கொள்ளையரை எதிர்க்க 1550களில் பிக்குப் படைகள் போயின. யூ தாயோ என்ற தளபதி, புகழைக் கேட்டு 1560ஐ ஒட்டி விகாரைக்கே நேரில் வந்தார். பிக்குகள் கம்பு வீசிக் காட்டினார்கள். பழைய நுட்பம் கைநழுவிவிட்டது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். இளம் பிக்குகள் இருவரைத் தம்மோடு கூட்டிப்போய்ப் பழக்கி அனுப்பினார். பிறகு செங் சோங்யூ என்பவர் பத்தாண்டுக்கு மேல் அங்கேயே தங்கிக் கற்று, 1610ஐ ஒட்டி ஷாவோலின் கம்பு வித்தையைப் படங்களோடு நூலாக எழுதினார். விகாரையில் குத்துவரிசை இன்னும் ஊன்றவில்லை, பிக்குகள் இப்போதுதான் அதில் மனம் வைக்கிறார்கள் என்றும் அதில் குறித்திருக்கிறார்.

அந்த வித்தை யாரிடமிருந்து வந்தது என்று பிக்குகள் அவருக்குச் சொன்ன கதைதான் இந்த விசாரணையில் முக்கியமான சாட்சி. சிவப்புத் தலைப்பாகைக் கலகக்காரர்கள் விகாரையைச் சூழ்ந்தபோது, அடுக்களையில் விறகு தள்ளும் எடுபிடி ஒருவன் நெருப்புக் கோலை உருவிக்கொண்டு வெளியே பாய்ந்தானாம். விண்ணளவு உயர்ந்து நின்று எதிரிகளை விரட்டினானாம். அவன் கின்னரர்களின் அரசன் என்று அப்புறம்தான் தெரிந்ததாம். கம்புக்கு அவனே மூலகுரு. போதிதர்மர் விகாரையில் பூசிக்கப்பட்டுக்கொண்டிருந்தார், ஆனால் கம்பு வித்தையைத் தந்தவராக அவரைப் பிக்குகள் சொல்லவில்லை. அந்த இடத்தில் இருந்தவன் ஓர் அடுக்களைக் கடவுள்.

போதிதர்மர் பெயர் உடற்பயிற்சியோடு சேர்ந்தது 'யீஜின் ஜிங்' என்ற தசைநார்ப் பயிற்சி நூலால்தான். அது 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போதிதர்மர் இரும்புப் பெட்டியில் விட்டுப்போனது என்று சொல்லி, தாங் தளபதி லீ ஜிங் பெயரில் 628 என்று தேதியிட்ட முன்னுரையைச் சேர்த்திருக்கிறார்கள். முன்னுரையில் லீ ஜிங்குக்கு நூலைக் கொடுத்தவராக வருகிற அடர்தாடி வீரன், தாங் காலத்துக் கதை ஒன்றில் வரும் கற்பனைப் பாத்திரம். லிங் டிங்கான் என்ற சிங் காலப் புலவர், இதை எழுதியவன் கல்லாத கிராமத்து வாத்தியார்தான் என்று அப்போதே சாடினார். அந்த நூலில் எதிரியை வீழ்த்தும் முறைகள் இல்லை, மூச்சும் உடம்பைத் தட்டித் திடப்படுத்துதலும்தான்.

குத்துவரிசைக்குப் போதிதர்மர் குரு என்ற கதை ஊரெங்கும் பரவியது 20ஆம் நூற்றாண்டில். லியூ ஏ எழுதி 1903 முதல் தொடராக வந்த 'லாவ் சானின் பயணங்கள்' நாவலில் அது தலைகாட்டுகிறது. 1915இல் புனைபெயரில் வந்த ஷாவோலின் இரகசிய நூல் ஒன்று அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. மஞ்சு ஆட்சி வீழ்ந்து, வல்லரசுகள் நெருக்கிய காலம். தளர்ந்துகிடந்த நாடு தன் உடலுக்கு ஒரு பெருமைமிக்க பழமையைத் தேடியது. அந்த ஏக்கம் உண்மையானது. அதை நிரப்பிய கதைதான் பிந்தியது.

1928 மார்ச்சில் படைத்தலைவன் ஷி யூசானின் ஆட்கள் விகாரைக்குத் தீ வைத்தார்கள். நாற்பது நாளுக்கு மேல் எரிந்தது என்பார்கள். மண்டபங்களோடு ஏடுகளும் சாம்பலாயின. எஞ்சிய கல்லையும் அச்சு நூல்களையும் வைத்துத்தான் தாங் ஹாவ் தம் வாதத்தைக் கட்டினார். தைச்சி என்ற இன்னொரு சண்டைக்கலை எங்கிருந்து வந்தது என்று அறிய 1930களின் தொடக்கத்தில் சென் குடும்பத்தார் ஊருக்கே நேரில் போய், அவர்களுடைய வம்ச ஏடுகளைப் பார்த்தார். வாய்ச்சொல்லைத் தள்ளாமல் கேட்டுக்கொண்டு, ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழி.

அவர் 1959இல் காலமானார். வழி அறுந்துபோகவில்லை. ஆய்வாளர் மெயிர் ஷஹார் 2008இல் வெளியிட்ட ஷாவோலின் வரலாறு, கல்வெட்டையும் கின்னரக் கதையையும் வரிக்கு வரி படித்து, கம்பு முதலில், குத்துவரிசை பிறகு என்ற வரிசையை நிலைநிறுத்தியது. 2015இல் போர்க்கலை ஆய்வுக்கென்றே தனி இதழ் பிறந்தது, அதே ஆண்டில் கார்டிஃபில் மாநாடும் கூடியது. அதற்கு முன்பே பிலிப் ஜாரிலி என்ற ஆய்வாளர் களரியைக் கேரளத்தில் ஆண்டுக்கணக்கில் ஆசானிடம் பயின்றே 1998இல் தம் நூலை எழுதினார்.

2011இல் வந்த '7ஆம் அறிவு' படம், போதிதர்மரைப் பல்லவ இளவரசராகத் தமிழ்த் திரையில் நிறுத்தியது. பார்த்தவர்களுக்குப் பெருமை பொங்கியது. 1915இல் சீன வாசகரை ஆட்கொண்ட அதே ஏக்கம்தான் அது. தமிழ்நாட்டில் படிக்கக் காத்திருப்பவை வேறு. குமரிப் பக்கத்து வர்ம ஆசான்களின் வீடுகளில் அகத்தியர் பெயர் தாங்கிய ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் கடைசி ஓலை. படியெடுத்தவர் பெயரும் கொல்லம் ஆண்டும் எழுதியிருந்தால் அங்கேதான் இருக்கும்.