கிளிநொச்சியில் ஒரு திரைப்பட வகுப்பு

ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை எழுதுவோர் 1962இன் 'சமுதாயம்' தொடங்கி 1977இன் 'பொன்மணி' வரை வந்து, அங்கிருந்து நேரே புலம்பெயர் நாடுகளுக்குத் தாவிவிடுவது வழக்கம். இடையில் வன்னியில் ஒளிப்பதிவுக் கருவியைக் கையிலெடுத்த ஒரு தலைமுறை உண்டு. அரசியல் கூச்சத்தினால் மட்டும் அவர்கள் விடுபடவில்லை. அவர்களின் முதற்படத்தையும் பிற்படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க நாடாக்கள் எஞ்சவில்லை என்பதும் காரணம்.

1995இன் இடப்பெயர்வுக்குப் பின் விடுதலைப் புலிகளின் 'நிதர்சனம்' பிரிவு வன்னிக்கு நகர்ந்தது. மின்சாரக் கம்பிகள் அறுந்துபோன மண் அது. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஊரே கூடியிருந்து பார்த்த காலம். 'ஒளிவீச்சு' என்ற காணொளிச் சஞ்சிகையின் பழைய நாடாக்கள் சிலவற்றைப் பிற்காலத்தில் பார்த்தேன். அவற்றில் பின்னணிக் குரல் ஓய்வதேயில்லை. தாயொருத்தி அழுதால், அவள் அழுகிறாள் என்பதையும் அக்குரலே சொல்லும். பயிலுநர் எவரும் செய்வதுதான் இது. எடுத்த காட்சியின்மீது நம்பிக்கை வராதவரை சொல்லைத் துணைக்கு அழைக்கத்தான் தோன்றும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. 2005இல் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜோன் மகேந்திரனின் 'ஆணிவேர்' வன்னியிலேயே படமாகி 2006இல் வெளிவந்தது. அவருடைய தந்தையார், இயக்குநர் மகேந்திரன், அதே ஆண்டு வன்னிக்குச் சென்று அங்கிருந்த இளையோருக்குத் திரைக்கலை கற்பித்தார். ஆசிரியர் தெரிவில் ஒரு பொருத்தம் இருந்தது. 1978இல் 'முள்ளும் மலரும்' படத்தை முதலிற் பார்த்த தயாரிப்பாளர், வசனம் எங்கே என்று கடிந்துகொண்ட கதையை வாசகர்கள் அறிந்திருப்பர். ஓயாத குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, வசனத்தைக் குறைத்ததற்காக ஏச்சு வாங்கிய ஒருவர் வாத்தியார்!

அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. மாணவன் ஒருவன் எப்படி வளர்கிறான் என்பதை நம்மவரிடையே பார்க்க வேண்டுமானால் அவரைத்தான் பார்க்க வேண்டும். பூனா திரைப்படக் கல்லூரியில் 1969இல் தங்கப் பதக்கத்துடன் தேறினார். அவருடைய பட்டயப் படத்தைப் பார்த்த ராமு காரியாட் 'நெல்லு' படத்தின் ஒளிப்பதிவை அவரிடம் ஒப்படைத்தார். அழகிய ஒளியைத் தேடிய அந்தக் கண், 1979இல் 'அழியாத கோலங்கள்' வழியாகத் தன் இளமை நினைவுகளுக்குத் திரும்பியது. 1988இல் 'வீடு' வந்தபோது, பாட்டும் இல்லை, ஒப்பனையும் இல்லை. முடியாத சுவரொன்றும் அதன்முன் நிற்கும் பெண்ணொருத்தியும் போதுமாயிற்று. பூனாவிலிருந்து 'வீடு' வரை பத்தொன்பது ஆண்டுகள். அதன் மூலப்பிரதி அழிந்துபோனதைச் சொல்லி அவர் கடைசிவரை வருந்தினார். ஆனாலும் படம் பிரதிகளில் வாழ்கிறது. நாம் ஒப்பிடலாம்.

வன்னி மாணவர்களுக்குப் பத்தொன்பது மாதங்கள்கூட அமைதியாகக் கிடைக்கவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. போர் மட்டுந்தான் தடையா என்றால், இல்லை என்பேன். அவர்கள் எடுக்க வேண்டிய கதை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கொருவர் என்று பிள்ளைகளைக் கட்டாயமாகக் கொண்டுபோன நாட்களில், மகனை ஒளித்துவைத்த தாயைப் பற்றி ஒரு பத்து நிமிடக் குறும்படம் அங்கே எடுத்திருக்க முடியுமா? எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தானே தீர்மானிக்க இயலாத மாணவனுக்குக் கருவியைப் பிடிக்கும் கை தேறலாம். அதற்குமேல் அவன் எப்படி வளர்வான்?

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. மக்களோடு ஒளிப்பதிவாளர்களும் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று கிழக்கே ஒதுங்கினர். அந்த மாதங்களில் எடுக்கப்பட்ட காட்சிகளிற் பல, 2011இல் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய ஆவணப்படத்தின் வழியாக உலகுக்குத் தெரியவந்தன. எடுத்தவர்களிற் பெரும்பாலோர் பெயரற்றவர்கள். அவர்களிற் சிலர் பயிற்சி பெற்றவர்கள், சிலர் கைபேசியோடு நின்ற சாதாரண சனம். அத்துண்டுகளை எடுத்த நேரத்தில் அவற்றுக்குப் பின்னணிக் குரல் சேர்க்க எவருமில்லை. எறிகணை விழும்போது சட்டகம் சரிகிறது, மண் தெரிகிறது, பிறகு மறுபடியும் நிமிர்கிறது.

அவற்றுள் ஒன்றில் ஒரு பெண், படம் எடுப்பவரைப் பார்த்துக் கதறுகிறார்: எடுக்க வேண்டாம், பதுங்குகுழிக்குள் இறங்கு, இதை எடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று. அவர் கேட்ட பிறகும் பதிவு தொடர்கிறது.